ரிப்போர்ட் வரும்வரை: கவலையைக் காத்திருப்பாக மாற்றுவது எப்படி?

மனைவியின் மார்பில் ஒரு கட்டி. பயாப்சி எடுத்தார்கள். ரிப்போர்ட் வர எட்டு நாள் ஆகும் என்றார்கள். அந்த எட்டு நாளில் அவளை நான் மனதுக்குள் மூன்று தடவையாவது அடக்கம் செய்திருப்பேன். கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை, யார் யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், சின்னவளுக்கு இனி யார் தலை பின்னிவிடுவார்கள் என்பதுவரை யோசித்தாயிற்று. இத்தனைக்கும் காலையும் இரவும் குடும்ப ஜெபம் தவறாத வீடு எங்களுடையது. "சமாதானம் தாரும் ஆண்டவரே" என்று ஜெபிப்பேன். ஆமென் சொல்லி எழுந்திருப்பதற்குள் மனம் மறுபடி கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கும்.

அந்த நாட்களில் நான் சும்மா இருக்கவில்லை, முழுமூச்சாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னால்தான் உறைத்தது. கவலையும் ஒரு எதிர்பார்ப்புதான். இன்னும் வராத தபாலை வந்ததாக வைத்துக்கொண்டு பிரித்துப் படிக்கிற எதிர்பார்ப்பு. "கவலைப்படாதே" என்று யாராவது சொன்னால் மனம் கேட்காததற்கு இதுதான் காரணம். எதிர்பார்க்காதே என்றால் மனத்தால் முடியாது. யாரை நோக்கி எதிர்பார்ப்பது என்பதை மட்டும் திருப்பிவிடலாம். அதற்கு எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். வேதத்தை நம்புகிறவர்களுக்காக எழுதியது. முதல் மூன்று படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

1. "விசுவாசக் குறைச்சல்" என்ற பட்டத்தைக் கழற்றி வையுங்கள்

மூன்றாம் நாள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது விசுவாசக் குறைச்சல்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதுவரை ஒரு கவலை இருந்த இடத்தில் அன்றிலிருந்து இரண்டு: மனைவிக்கு என்ன ஆகுமோ என்பது ஒன்று, நான் கவலைப்படுவதால் தேவன் ஜெபத்தைக் கேட்காமல் போவாரோ என்பது இன்னொன்று.

"நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியருக்கு எழுதியவர் பவுல். அதே பவுல்தான் கொரிந்தியருக்கு, "எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை என்னை நாள்தோறும் நெருக்குகிறது" என்றும் எழுதினார் (2 கொரிந்தியர் 11:28). கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் வருவது ஒரே வேர்ச்சொல். கெத்செமனேயில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார். பயம் வந்தது என்பதற்காக யாரும் விசுவாசத்தை இழந்துவிடுவதில்லை. "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்பது 56-ஆம் சங்கீதம். பயமும் நம்பிக்கையும் அங்கே ஒரே நாளில், ஒரே ஆளுக்குள் இருக்கின்றன.

2. முதலில் உடம்பு

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டான், மறுபடி படுத்தான். இரண்டாம் முறை எழுப்பிய தூதன், "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் தேவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து போன பின்புதான்.

கவலை வந்த வீட்டில் முதலில் கெடுவது சாப்பாடு, அடுத்தது தூக்கம். பசித்த வயிறும் தூங்காத தலையும் எல்லா வசனத்தையும் தண்டனையாகத்தான் வாசிக்கும். ஆகவே நேரத்துக்கு ஒரு இட்லியாவது உள்ளே போகட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் காப்பியும் டீயும் வேண்டாம். அவையே படபடப்பைக் கூட்டும். வியர்க்கிற அளவுக்கு அரை மணி நேரம் நடங்கள். இரவு பத்து மணிக்கு மேல் செல்போனில் நோயின் பெயரைப் போட்டுத் தேடுவதை நிறுத்துங்கள். எட்டு நாளில் நான் செய்த காரியங்களிலேயே மோசமானது அதுதான்.

நெஞ்சு திடீரென்று அடித்துக்கொள்ளும்போது செய்ய ஒன்று உண்டு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடுகிற மூச்சு நீண்டால் இதயத் துடிப்பு தணியும். உடம்பின் அமைப்பு அப்படி. நான் அதோடு வசனத்தைச் சேர்த்துக்கொள்வேன். இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்", விடும்போது "உம்மை நம்புவேன்". பத்துத் தடவை. இப்படி வருகிற பதற்ற அலை பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும் என்று தெரிந்து வைத்திருப்பதே பாதி மருந்து. ஆனால் நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், குளிர்ந்து வியர்த்தால், மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

3. கடிதத்தை விரித்து வையுங்கள்

அசீரிய ராஜாவின் மிரட்டல் கடிதம் எசேக்கியாவின் கைக்கு வந்தது. எத்தனை ஊர்களை அழித்திருக்கிறோம், உன் தேவன் மட்டும் என்ன செய்துவிடுவார் என்கிற கடிதம். எசேக்கியா அதை வாசித்துவிட்டு ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக விரித்தான் (2 இராஜாக்கள் 19:14). பிறகுதான் ஜெபித்தான். தேவனுக்குத் தெரியாத கடிதமா? தன் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது அவனுக்குத்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதை அப்படியே செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் ஒரே நேரம், ஒரு கால் மணி. படுக்கப்போகும் நேரமாக இருக்க வேண்டாம். நான் மாலை ஆறு மணியை வைத்திருந்தேன், கோவில் மணி அடிக்கிற நேரம். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் கவலையை அதன் முழுப் பெயரோடு எழுதுங்கள். "எல்லாம் பயமாக இருக்கிறது" என்று எழுதினால் பயனில்லை. "ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தால் சிகிச்சைக்குப் பணம் எங்கே?" என்று எழுத வேண்டும். வலது பக்கம் ஒரே கேள்விக்கு மட்டும் பதில்: இதில் இன்று என் கையில் ஏதாவது இருக்கிறதா?

இருந்தால் அதை எழுதுங்கள். நான் எழுதியது: "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுபடியாகிறதா என்று நாளை பார்க்க வேண்டும்." மறுநாள் போய்ப் பார்த்தேன். அந்த வரி அடிபட்டது. கையில் எதுவும் இல்லாத வரிக்கு எதிரே "உம்முடையது" என்று எழுதுவேன். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற பேதுருவின் வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எதை வைக்கிறோம் என்றே தெரியாமல் எப்படி வைப்பது? நோட்டில் வந்த பிறகுதான் அது வைக்கக்கூடிய சாமானாகிறது.

மற்ற நேரத்தில் அதே கவலை கதவைத் தட்டும். விரட்டாதீர்கள், "ஆறு மணிக்கு வா" என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பாக இருக்கும். மனநல ஆலோசகர்களும் ஏறக்குறைய இதையேதான் பழக்கப்படுத்துகிறார்கள், கவலைக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். ஆறு மணி வரும்போது பட்டியலில் பாதி எழுதத் தகுதியில்லாததாகச் சுருங்கியிருக்கும். மீதிப் பாதி சுருங்காது. அதற்குத்தான் அடுத்த படி.

4. அனனியாவா, எரேமியாவா?

இந்தப் படியில்தான் நம்மில் பலர் வழுக்குகிறோம்.

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த வசன அட்டை வாங்காத தமிழ்க் கிறிஸ்தவ வீடு குறைவு. அந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அட்டையில் இதற்கு முந்தின வசனம் இருக்காது. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. அதை வாங்கிப் படித்தவர்களில் நடுவயதைத் தாண்டிய எவரும் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள்.

அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள், ஆலயத்துப் பணிமுட்டுகளும் வந்துவிடும் என்று ஜனங்கள் முன்னால் அறிவித்தான். பாபிலோனுக்குப் பணிந்திருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும்! எரேமியாவும், ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அனனியா சொன்னது பொய். நல்ல செய்தியாக இருப்பதனால் ஒன்று தேவனுடைய செய்தியாகிவிடாது.

"ரிப்போர்ட் நெகட்டிவ் என்று அறிக்கை பண்ணு, சந்தேகத்துக்கு இடம் கொடுக்காதே" என்று எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அனனியாவின் வகை. முடிவை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளச் சொல்கின்றன. பிடித்துப் பார்த்தேன். பயம் கூடத்தான் செய்தது. என் நாக்கில் ஒரு சந்தேகச் சொல் வந்துவிட்டால் அவள் உயிர் போய்விடும் என்பதுபோல் வாயைக் காவல் காக்க வேண்டியதாயிற்று. நம்பிக்கை கவலையின் இன்னொரு வேஷமாகிவிட்டது.

எரேமியாவின் வகைக்கு எபிரெய மொழியில் "காவா" என்ற வினைச்சொல் உண்டு. காத்திருப்பதற்கும் நம்பியிருப்பதற்கும் அதே சொல்தான். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து" என்கிற இடத்தில் இருப்பது அது. அதற்கு உறவான "திக்வா" என்றால் நம்பிக்கை. கயிறு என்றும் பொருள். எரிகோவில் இஸ்ரவேல் வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப், உன்னைக் காப்போம் என்ற அவர்கள் வாக்கை நம்பி ஜன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றைச் சொல்லுமிடத்தில் வருவது இந்தச் சொல்தான். ராகாபுக்கு முடிவு தெரியாது. மதில் விழும் சத்தம் கேட்கும்போதும் கயிறு கட்டியிருந்தது, அவ்வளவுதான் தெரியும். வாக்குக் கொடுத்தவன் நாணயமானவன் என்பதன் பேரில் காத்திருந்தாள்.

ஆகவே ஜெபிக்கும்போது மூன்று பாகமாக ஜெபியுங்கள். முதலாவது, வேண்டியதை ஒளிக்காமல் கேளுங்கள்: "ரிப்போர்ட் நன்றாக வரட்டும்." பக்தியாகக் காட்டிக்கொள்ள இதைத் தாண்டிப் போகாதீர்கள், இயேசுவே "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கேட்டார். இரண்டாவது, ஒரு "ஆகிலும்". அவருடைய ஜெபத்தில் அது "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்று வருகிறது. எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள் எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்றார்கள், அடுத்த மூச்சிலேயே "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள். மூன்றாவது, ஸ்தோத்திரம். பிலிப்பியர் 4:6 விண்ணப்பங்களை "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபத்தினாலும்" தெரியப்படுத்தச் சொல்கிறது. வரப்போவதற்கு நன்றி சொல்ல முடியாவிட்டால் வந்து போனதற்குச் சொல்லலாம். போன வருஷம் இதே மாதம் எதற்குப் பயந்தோம், அது என்ன ஆயிற்று? நோட்டின் பின்பக்கம் இருந்து அதை எழுதிவாருங்கள். பவுல் இதை எழுதியது சிறையிலிருந்து. வெளியே வருவோமா, சாவோமா என்று அவருக்கே அப்போது முடிவாகவில்லை.

5. இரவில் ஒரு வசனம், காலையில் ஒரு வசனம்

அதிகம் வேண்டாம். எட்டு நாளில் வேதம் முழுவதையும் வாசித்து முடிக்கிற வேகத்தோடு உட்காருவதும் பதற்றத்தின் ஒரு வகைதான்.

இரவுக்கு 130-ஆம் சங்கீதம்: "எப்பொழுது விடியும் என்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப் பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது." ஜாமக்காரன் சூரியனை இழுத்து வருகிறவன் அல்ல. விழித்திருப்பது மட்டுமே அவன் வேலை. விடிவது அவன் சாமர்த்தியத்தில் இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காமல் இதைச் சொல்லிக்கொண்டு கிடப்பேன். தூக்கம் வராத இரவும் உண்டு.

காலைக்குப் புலம்பல் 3, கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி: "அவைகள் காலைதோறும் புதியவைகள், உமது உண்மை பெரிதாயிருக்கிறது." எரிந்துபோன எருசலேமைப் பார்த்து அழுகிற புத்தகத்தின் நடுவில் இருக்கிற வரி.

மனம் கேட்காத பகலில் 42-ஆம் சங்கீதக்காரரைப்போல் அதோடு வாய்விட்டுப் பேசுங்கள். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" அவரும் ஒரே தடவையில் சமாதானமாகவில்லை. 42-இல் இரண்டு முறையும் 43-இல் ஒரு முறையும் அதே கேள்வியைக் கேட்கிறார். துதியே வராத நாளுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. கடைசி வரிவரை இருட்டுதான். அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

6. இரண்டு பேர்

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். புத்தி சொல்லாமல் கேட்கத் தெரிந்த இரண்டு பேர் போதும். இயேசு தோட்டத்துக்குள் அழைத்துப்போனது மூன்று பேரை. கேட்டது "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று மட்டும். அவர்களும் தூங்கிவிட்டார்கள். நம் ஆட்களும் சில நேரம் தூங்குவார்கள், மறுபடி எழுப்பலாம்.

7. டாக்டரிடம் எப்போது?

ரிப்போர்ட் போல ஒரு காரணம் இருந்து, அது தீர்ந்ததும் தணிகிற கவலை வேறு. பெரிதாகக் காரணம் இல்லாமலே பெரும்பாலான நாட்கள், ஆறு மாதமாக, எல்லாவற்றுக்கும் மனம் பதறிக்கொண்டே இருந்தால், வேலை, தூக்கம், பிள்ளைகள் எல்லாம் அதில் அடிபட்டால், அது சிகிச்சை தேவைப்படுகிற நோய். அதற்கு முன்பே தாங்கவில்லை என்றாலும் போகலாம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் படபடப்பு வரும், ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை. எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்செய்கிற பேச்சு சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது. மாத்திரை தந்தால் அது பிடிக்கச் சில வாரம் ஆகும்; ஒரு வாரத்தில் பலன் இல்லை என்றோ, சுகமாகிவிட்டது என்றோ நீங்களாக நிறுத்தக்கூடாது.

மாத்திரை போட்டால் விசுவாசம் இல்லை என்று சொல்கிறவர்கள் 1 தீமோத்தேயு 5:23-ஐ வாசிக்கட்டும். வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று பவுலே எழுதுகிறார். அவரோடு இருந்த லூக்கா வைத்தியர். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் வேலூர் சி.எம்.சி. அதன் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே நெடுநாளாக உள்ள முறை. ஜெபமும் மாத்திரையும் ஒரே வளாகத்துக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள். ஒன்றிய அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர். இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம்.

8. நிலம் வாங்குங்கள்

எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியாவோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் உறவுக்காரன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எதிரிப் படை நிற்கிற நாட்டில் நிலத்துக்கு என்ன விலை? எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சி வைத்து, முத்திரை போட்டு, பத்திரத்தை அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். எரேமியா 32-இல் கிரயப் பத்திர விவரம் அவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவருக்கே கலக்கம் வருகிறது. நகரம் கல்தேயர் கையில் போகிறதே, நிலம் வாங்கு என்றீரே என்று தேவனிடம் கேட்கிறார். நம்பிக்கை வந்து நிலம் வாங்கவில்லை அவர். வாங்கிவிட்டுத்தான் ஜெபத்தில் மல்லுக்கட்டினார். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது உழுததாக வேதத்தில் இல்லை. எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்டார்.

காத்திருக்கிற நாளில் ஒரு சின்ன நிலம் வாங்குங்கள். முடிவு எப்படி வந்தாலும் அர்த்தமுள்ள, நாளையை நோக்கிய ஒரு வேலை. பெரிதாக வேண்டாம், திருவருகைக் காலத்தில் நட்சத்திரம் கட்டுகிற அளவுக்குப் போதும். ஐந்தாம் நாள் நான் டிசம்பருக்கு ஊருக்குப் போக நெல்லை எக்ஸ்பிரசில் நான்கு டிக்கெட் போட்டேன். நான்கு என்று அழுத்தும்போது விரல் நடுங்கியது.

ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. சாதாரணக் கட்டி. இதை எழுதலாமா என்று யோசித்தேன். இந்த வரிசையின் பலன் என்று யாராவது எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. ஏனென்றால் அடுத்த இரண்டாம் வருஷம் அத்தைக்கு வந்த ரிப்போர்ட் நல்லபடியாக இல்லை. அதே நோட்டு, அதே ஆறு மணி, அதே சங்கீதம். கீமோ நடந்துகொண்டிருந்த ஐப்பசியில் அத்தை கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார். "இப்ப எதுக்கு அத்தை?" என்றேன். "டிசம்பர் வந்தா அவனுக்கு ஆள் கிடைக்காதுப்பா" என்றார். கார்த்திகையில் அடக்கம் செய்தோம். டிசம்பர் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அந்த ஆள் சுண்ணாம்பு வாளியும் ஏணியுமாக வாசலில் வந்து நின்றார். மாமா கதவைத் திறந்து, முன்னறையில் இருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.